காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டில் ஹோம்ஸ்டே: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தா காலத்து வீட்டில் அம்மாவும் நானும் குடியிருக்கிறோம். வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிய மூன்று அறைகளைத் தங்க வருபவர்களுக்கு விடலாம் என்று யோசனை. காலைச் சாப்பாடும் உண்டு. இடியாப்பமும் கோசமல்லியும் அம்மா பார்த்துக்கொள்வார், அதில் கவலையில்லை.

விதிமுறைகளை ஓரளவு படித்துவிட்டேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். 6 அறை, 12 படுக்கைக்கு மேல் கூடாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். சரி, இதெல்லாம் செய்துவிடலாம்.

என் தலைவலி குளியலறைதான். அறைக்குள்ளேயே தடுத்துக் கட்டினால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை உடைக்க வேண்டும். சுவரெல்லாம் முட்டை கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு. கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் ஈரம் ஏறிய இடத்தில் உப்புப் பூத்து உரிகிறது. பின்கட்டில் கட்டினால் வந்தவர்கள் ராத்திரி முற்றத்தைச் சுற்றி, இரண்டாம் கட்டுக் கதவையும் திறந்துகொண்டு போக வேண்டும். காசு கொடுத்துத் தங்குபவர் இதற்கு ஒப்புவாரா? சிமென்ட் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் கொத்தனார். எனக்கு மனசு வரவில்லை.

பழைய வீட்டில் குளியலறை சேர்த்தவர்கள் தண்ணீர்க் குழாயை எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள்? சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் யாராவது உண்டா? அப்புறம், வீட்டு மின் இணைப்பை வணிக இணைப்பாக மாற்றச் சொன்னார்களா? சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி இல்லாமல் ஆள் வருகிறார்களா என்பதையும் சொல்லுங்கள்.