சிங்கப்பூர் ஈசூனில் கொசு விடுகிறார்கள், பயப்பட வேண்டுமா?

கேள்வி:
இன்று காலை எங்கள் புளோக்கின் கீழே ஒருவர் டப்பாவைத் திறந்து கொசுக்களைப் பறக்கவிட்டார். ஒன்று என் மகளின் சட்டைக் காலரிலேயே வந்து உட்கார்ந்தது. போன வருடம் டெங்கிக் காய்ச்சலில் அவள் துவண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான். மனசு அடித்துக்கொள்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
பயம் வேண்டாம் அக்கா. எங்கள் தெம்பனிஸிலும் விடுகிறார்கள். எல்லாம் ஆண் கொசுக்கள், ஆண் கடிக்காது. உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும். அது இல்லாத, டெங்கியைப் பரப்பும் பெண் ஏடிஸ் கொசுவோடு இவை கூடினால் முட்டை பொரியாது. மரபணுவில் கை வைப்பதில்லை. சிங்கப்பூரில் 2016 முதல் நடக்கிறது.

பதில் 2:
இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வேறு வழி. அங்கே பெண் கொசுக்களையும் விட்டார்கள். வோல்பாக்கியா இருந்தால் கொசுவுக்குள் டெங்கி வைரஸ் சரியாகப் பெருகாது. 2021இல் வெளியான ஆய்வில் டெங்கி 77 சதவீதம் குறைந்திருந்தது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சன்னலில் ஒன்று உட்கார்ந்திருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உணர்கொம்பு இறகு மாதிரி அடர்த்தியாக இருந்தது. ஆண்தானே?

பதில் 1:
ஆண்தான். அப்புறம், துளசித் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றால் இன்றே கொட்டிவிடுங்கள்.