காலாவதியான டொமைன் (இணையதளப் பெயர்) பிடிக்கப் போய்ப் பெரிய கைகளிடம் மாட்டிய அனுபவம் உண்டா? இங்கே கொட்டுங்கள்

கடைசிநொடி:
நானே ஆரம்பிக்கிறேன். மூன்று மாதமாக ஒரு டாட் காம் பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். காலாவதி ஆனது, பழைய சொந்தக்காரர் கட்டணம் கட்டி மீட்கக்கூடிய ரிடெம்ஷன் 30 நாளும் கழிந்தது, பெயர்களின் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸில் 'பெண்டிங் டெலீட்' (நீக்கம் நிலுவை) என்று வந்தது. இனி 5 நாளில் பெயர் விடுபடும். அந்த 5 நாளில் பழைய சொந்தக்காரர் நினைத்தாலும் மீட்க முடியாது. பெயர் பதிவை மறுவிற்பனை செய்யும் ஒரு ரீசெல்லர் கணக்கின் ஏபிஐயை (நிரல்கள் நேரடியாகக் கேட்கும் வழி) வைத்து ஸ்கிரிப்ட் எழுதினேன். நொடிக்கு இரண்டு முறை 'காலியா?' என்று கேட்கும். காலி என்றால் உடனே பதிவு செய்யும்.

அன்றைக்குத் திரையில் 'இல்லை, இல்லை, இல்லை' என்று வரி வரியாக ஓடியது. இன்னும் விடுவிக்கவில்லை போல என்று நானும் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஏதோ உறுத்த, ஹூயிஸைத் திறந்தால், 40 நிமிடத்துக்கு முன்பே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது! விடுபடும் முன்பும் 'இல்லை', பறிபோன பின்பும் அதே 'இல்லை'. நடுவில் அது காலியாக இருந்த கணத்தை என் ஸ்கிரிப்ட் பார்க்கவே இல்லை. இதற்கு இரண்டு ராத்திரி ஒத்திகை வேறு.

பழையகை:
சகோ, நீங்கள் நின்றது வரிசையிலேயே இல்லை, வரிசைக்கு வெளியே. டாட் காமை நடத்தும் வெரிசைன், உலக அளவில் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகேனின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் (பெயர் பதிந்து தரும் நிறுவனம்) ஒரே அளவு இணைப்புதான் தரும். பெரியவன் சின்னவன் பேதம் கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு டோக்கன் என்றால், காசுள்ளவன் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவான் இல்லையா? 2016இல், விடுபடும் பெயர்களைப் பிடித்துத் தரும் டிராப்கேட்ச் ஒரே வீச்சில் 500 புது ரெஜிஸ்ட்ரார் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வாங்கியது. விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு 3,500 டாலர், வருடச் சந்தா 4,000 டாலர். பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும். காலியா என்று கேட்டு நேரத்தை வீணாக்கும் வேலையே அவர்களிடம் இல்லை. 'பதிவு செய்' என்ற கட்டளையையே நூற்றுக்கணக்கான வாசல்களில் ஒரே சமயத்தில் எறிவார்கள். உங்கள் ரீசெல்லர் கணக்கோ, யாரோ ஒருவருடைய ஒரே வாசலில், ஆயிரம் பேருக்குப் பின்னால்.

அதனால் வேகத்தில் மோதுவதை நான் என்றோ விட்டுவிட்டேன். 'விடுபட்டால் எனக்குப் பிடித்துக் கொடு' என்று அவர்களிடமே முன்கூட்டி பேக்கார்டர் போடுவேன். அதிலும் ஒரு தடவை நன்றாகச் சூடு பட்டேன். வேறு சிலரும் அதே பெயரைக் கேட்டிருந்ததால் விஷயம் ஏலத்துக்குப் போனது. 300 டாலருக்கு மேல் போவதில்லை என்று காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கடைசி நிமிடத்தில் யார் விலை ஏற்றினாலும் கெடு 5 நிமிடம் தள்ளிப்போகும் ஏற்பாடு. எதிரி 10 டாலர் ஏற்றுவார், நான் 10 ஏற்றுவேன். ஒன்றரை மணி நேரம். 610இல் அவர் அடங்கினார். அந்தக் காகிதம் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது, பெயரும் விற்காமல் இருக்கிறது.

புதுசு2:
அண்ணா, எதிரில் ஏற்றினது நிஜ ஆள்தானா? 😅

பழையகை:
தெரியாது தம்பி. என் விஷயத்தில் யார் மேலும் சந்தேகம் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. தன் ஊழியர் ஒருவரே மாற்றுப் பெயரில் 2005 முதல் ஏலம் கேட்டுவந்ததாக இதே மாதிரி ஏல நிறுவனமான ஸ்னாப்நேம்ஸ் 2009இல் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வட்டியோடு பணம் தருவதாகவும் அறிவித்தது.

பாதிவழி:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. உண்மையில் நல்ல பெயர்களில் பெரும்பாலானவை டெலீட் வரை வருவதே இல்லை. காலாவதியானதும் ரெஜிஸ்ட்ராரே தன் ஏலத்தில் வைத்துவிடும். அப்படி ஒன்றில் ஜெயித்தேன், பணம் கட்டினேன், ரசீதும் வந்தது. அன்று ராத்திரியே லோகோ வரையக் கொடுத்துவிட்டேன். சில நாள் கழித்து ஒரு வரி மின்னஞ்சல்: உரிமையாளர் புதுப்பித்துவிட்டார், பணம் திருப்பித் தரப்படும். விதிமுறையில் அது இருந்தது, படிக்காதது என் தப்புதான். ஆனாலும் வயிறு எரிந்தது. லோகோவுக்குக் கொடுத்த காசை யார் திருப்பித் தருவார்?

மெதுவா_போ:
நான் பெரியவர்களோடு ஓடுவதே இல்லை. அவர்கள் சல்லடையில் தேடல் எண்ணிக்கை, பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு, நீளம் இவைதான் நிற்கும் என்பது என் கணிப்பு. ஒரு தொழிலுக்குள் மட்டும் புழங்கும் கலைச்சொல், ஆங்கிலம் அல்லாத மொழிச் சொல் எல்லாம் பலசமயம் கீழே உதிர்ந்துவிடுகிறது. விடுபட்ட மறுநாள் போய்ச் சாதாரண விலைக்கே நான்கைந்து எடுத்திருக்கிறேன். எடுக்குமுன் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பாருங்கள். ஒன்றில் நான் பார்க்கவில்லை. நடுவில் இரண்டு வருடம் அது சூதாட்டத் தளமாக இருந்திருக்கிறது, கூகுளில் தலையே தூக்கவில்லை. காலாவதியான பெயரின் பழைய மதிப்பை வைத்து உபயோகமில்லாத பக்கங்களைத் தேடலில் முன்னேற்றுவதை ஸ்பேம் என்று கூகுள் 2024 மார்ச்சில் விதி கொண்டுவந்தது, அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று. என்னிடம் இருப்பதிலேயே நல்ல பெயர் ஏலத்திலும் வந்ததல்ல, டிராப்பிலும் (நீக்கப்பட்டு விடுபடும்போது) வந்ததல்ல. அது ரிடெம்ஷனில் கிடந்தபோது சொந்தக்காரரைத் தேடினேன். 2018க்குப் பிறகு ஹூயிஸில் சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லையே! பழைய பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது, அடித்தேன். எடுத்தது அவருடைய மகள். அப்பா தவறி ஏழு மாதம் ஆயிற்று என்றார். "டொமைனா? அப்படி ஒன்று இருக்கிறதே எனக்குத் தெரியாதே." பெயர் எனக்கு வேண்டும் என்பதை மறைக்காமல் சொன்னேன். மீட்புக் கட்டணம் முழுக்க நான் கட்டினேன், பெயருக்குத் தனியாக ஒரு தொகையும் கொடுத்தேன். பழைய பக்கங்கள் அத்தனையையும் இறக்கி அவருக்கு அனுப்பினேன். அதில் அப்பாவின் படம் இரண்டு இருந்ததாம். பெயரை என் கணக்குக்கு மாற்றிய அன்று தொலைபேசியில் அதைப் பற்றித்தான் பேசினார், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புதுசு2:
படிக்கும்போதே என்னவோ போல் ஆகிவிட்டது.

கடைசிநொடி:
மெதுவா_போ அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்த கையோடு என் பட்டியலில் ரிடெம்ஷன் 11ஆம் நாளில் இருக்கும் ஒன்றை எடுத்தேன். வேபேக்கில் பார்த்தால் தொலைபேசி எண் இல்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. அரை மணி நேரம் யோசித்து, பணிவாக நாலு வரி எழுதி அனுப்பினேன். அடுத்த நொடியே திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியும் செத்துப்போன அதே டொமைனில்தான் இருக்கிறது.