மின் ஆய்வாளரின் ஊதியத்தைத் தீர்மானிப்பது சான்றிதழா, சம்பளம் தருபவரா?

செம்புக்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பதினான்கு ஆண்டுகளாக எலக்ட்ரீசியனாக வேலை செய்கிறேன். முழங்கால் ஒத்துழைக்க மறுப்பதால், ஒரு நகராட்சியில் மின் ஆய்வாளர் பணிக்கு, அதாவது கட்டடங்களின் மின் அமைப்பு விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு, விண்ணப்பிக்கலாமா என்று எண்ணுகிறேன். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்கின்படி, கட்டுமான மற்றும் கட்டட ஆய்வாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 72,120 டாலர். எலக்ட்ரீசியன்களுடையது 62,350 டாலர். அதாவது பாதிப்பேர் அந்தத் தொகைக்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறுகிறார்கள். இதைப் பார்த்தால் ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் எனக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். ஆனால் பணி அறிவிப்பில் உள்ள தொகையோ, சென்ற ஆண்டு நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததைவிடக் குறைவு. புள்ளிவிவரம் தவறா, அல்லது அந்த நகராட்சிதான் குறைவாகக் கொடுக்கிறதா?

அளவைமானி எழுதியது:

புள்ளிவிவரம் தவறன்று, நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் ஒரே வகையானவை அல்ல. முதலாவதாக, அந்தக் கணக்கில் மின் ஆய்வாளர்களுக்கெனத் தனி வரிசை கிடையாது. கட்டட அமைப்பு, குழாய், மின்தூக்கி, மின்சாரம் என எல்லாவற்றையும் ஆய்வு செய்பவர்கள் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். இரண்டாவதாக, எலக்ட்ரீசியன் என்ற தலைப்பில் முதலாண்டுப் பயிலுநர்களும் சேர்க்கப்படுகிறார்கள். அதனால் அந்த இடைநிலை கீழே இழுக்கப்படுகிறது. ஆய்வாளர் பணிக்கு வருபவர்களோ பெரும்பாலும் உங்களைப் போலப் பல ஆண்டுகள் கம்பி இழுத்துவிட்டு வருபவர்கள். அனுபவசாலிகளை மட்டும் எண்ணிய ஒரு தொகையைப் பயிலுநர்களையும் சேர்த்து எண்ணிய தொகையோடு ஒப்பிட்டால், தொழில் மாறினாலே சம்பளம் உயரும் என்ற தோற்றம்தான் கிடைக்கும்.

மூன்றாவது காரணம்தான் உங்கள் விஷயத்தில் முக்கியமானது என்று கருதுகிறேன். அந்த ஊதியக் கணக்கில் ஓவர்டைம் சேர்க்கப்படுவதில்லை. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த தொகையில் எவ்வளவு ஓவர்டைம் இருந்தது என்று சொல்ல முடியுமா? கூட்டாட்சி அரசின் நிதியில் நடக்கும் கட்டுமானப் பணியில் இருந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். 1931-ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அத்தகைய பணிகளில் எலக்ட்ரீசியனுக்கு அந்தப் பகுதியில் நிலவும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். சில இடங்களில் அது ஆய்வாளரின் சம்பளத்தை எளிதில் தாண்டிவிடும்.

நில இணைப்பு எழுதியது:

நான் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு நகராட்சியில் மின் ஆய்வாளராக இருக்கிறேன். செம்புக்கம்பி தொடக்கச் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தயங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் பணியில் ஊதியம் படிப்படியாக ஏறுவதற்கான வழி தெளிவாக இருக்கிறது. கட்டட விதிகளை வகுக்கும் சர்வதேச விதிமுறைக் குழுவின் குடியிருப்பு மின் ஆய்வாளர் சான்றிதழை முதலிலும், வணிகக் கட்டட மின் ஆய்வாளர் சான்றிதழை அடுத்தும், வரைபடச் சரிபார்ப்புக்கான சான்றிதழை அதன் பிறகும் பெறலாம். நான் ஒவ்வொன்றைப் பெற்றபோதும் என் சம்பளப் படிநிலை மாறியது. நியூ ஜெர்சி மாநிலத்தில் இது சட்டத்திலேயே இருக்கிறது: சிறிய கட்டடங்கள், தொழில் மற்றும் வணிகக் கட்டடங்கள், உயரமான அல்லது அபாயம் மிகுந்த கட்டடங்கள் என்று ஆய்வாளர் உரிமத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. மேல்நிலை உரிமம் இல்லாதவர் அடுக்குமாடிக் கோபுரத்தின் வாசலில் கால் வைக்க முடியாது. சிறிய ஊர்களில் மின்சாரத்தோடு குழாய், வெப்ப அமைப்பு ஆகியவற்றையும் பார்க்கத் தெரிந்த ஒருவரையே தேடுகிறார்கள். பல சான்றிதழ் பெற்றவருக்கு அங்கே பேரம் பேசும் வலிமை உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஓய்வூதியமும் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் சம்பளச் சீட்டின் முதல் வரியில் தெரிவதில்லை.

தனிவழி எழுதியது:

மேலே எழுதிய அன்பரின் அனுபவத்தை மதிக்கிறேன்; ஆனால் அவருடைய முடிவை ஏற்க இயலவில்லை. சான்றிதழ் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சம்பளம் கொடுப்பவரே முடிவு செய்கிறார். ஒரே சான்றிதழ்களை வைத்திருக்கும் இருவர், அடுத்தடுத்த இரண்டு நகராட்சிகளில் வெவ்வேறு சம்பளம் பெறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல நகராட்சிகளில் ஆய்வுத் துறையின் செலவு கட்டட அனுமதிக் கட்டணத்திலிருந்தே வருகிறது. 2005-இல் அமெரிக்காவில் 21 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 2009-இல் அது 6 லட்சத்தையும் எட்டவில்லை. அப்போது வேலை இழந்த ஆய்வாளர்களைச் சான்றிதழ் காப்பாற்றவில்லை. நானும் அவர்களில் ஒருவன்.

அதன் பிறகு தனியார் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன். புளோரிடா போன்ற மாநிலங்களில் கட்டட உரிமையாளரே தகுதி பெற்ற தனியார் ஆய்வாளரை நியமித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. எனக்கு ஓர் ஆய்வுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். அரசுப் பணியில் கூடுதலாக உழைத்தால் பல இடங்களில் பணத்துக்குப் பதிலாக ஒரு மணிக்கு ஒன்றரை மணி என்ற கணக்கில் விடுப்புதான் கிடைக்கும்; கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தில் 1985-இல் வந்த திருத்தம் அதற்கு இடம் தருகிறது. நானோ உழைத்த அளவுக்குப் பணமாகவே பெறுகிறேன்.

மெக்கர் எழுதியது:

நான் இங்கிலாந்தில் ஆய்வும் சோதனையும் செய்பவன். எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையை யாரும் இங்கே பரிந்துரைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2020-ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பிறகு, இங்கே தனியார் வாடகை வீடுகளின் மின் அமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்தாக வேண்டும். தேவை பெருகியது, ஆய்வாளர்களின் வருமானம் உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் மிகக் குறைந்த விலைக்கு அறிக்கை தருவதாகச் சொல்பவர்களும் உடனே புறப்பட்டுவிட்டார்கள்.

மூன்று படுக்கையறை வீடு ஒன்றை முறையாகச் சோதிக்க அரை நாள் பிடிக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொரு மின்சுற்றிலும் 500 வோல்ட் செலுத்திக் காப்பு மின்தடை (கம்பியின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு) ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் தொடர்ச்சியை அளக்க வேண்டும். கசிவுப் பாதுகாப்புச் சாதனம் எத்தனை மில்லிவினாடியில் துண்டிக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்ப்பவர் இவற்றை எங்கே செய்கிறார்? பேனலின் மூடியைக்கூடக் கழற்றாமல், அளவீடுகளை ஊகித்து நிரப்பிய ஓர் அறிக்கையை என் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாச் சுற்றுகளிலும் ஒரே எண் இருந்தது. அந்த வீட்டின் குளியலறைச் சுற்றில் எர்த் கம்பியே இணைக்கப்பட்டிருக்கவில்லை; அங்கே இரண்டு குழந்தைகள் வசித்தார்கள்.

ஆகவே, உழைத்த அளவுக்குப் பணம் என்று நண்பர் சொல்வது எனக்குப் புரிகிறது என்றாலும், அந்த முறையில் அளக்கப்படுவது உழைப்பே அல்ல, கையெழுத்துகளின் எண்ணிக்கை மட்டுமே.

தனிவழி எழுதியது:

குழந்தைகள் வசிக்கும் வீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. எங்கள் நிறுவனத்தில் ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பு இருப்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த வரம்பு இல்லாத இடத்தில் நான் வேலை செய்ய மாட்டேன். ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். மாதச் சம்பளம் வாங்கும் ஆய்வாளரின் கையிலும் காலையில் இருபது முகவரிகள் கொண்ட பட்டியலைத் திணிக்கிறார்களே, அங்கே மட்டும் பேனல் மூடி கழற்றப்படுகிறதா?

நில இணைப்பு எழுதியது:

நியாயமான கேள்வி. எங்கள் துறையிலும் அப்படி நாள்கள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் நகராட்சியின் ஊழியன் என்பதால், நேரம் போதவில்லை, நாளை வருகிறேன் என்று சொல்ல முடிந்தது. அப்படிச் சொன்னதற்காக என் சம்பளத்தில் ஒரு டாலரும் குறையவில்லை. உங்கள் முறையில் அதே சொல்லுக்கு ஆய்வாளர் தன் பையிலிருந்து விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சான்றிதழ் பற்றிய என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். காகிதத்தைவிட, அதன் பின்னால் உள்ள தனித்திறனுக்கே மதிப்பு. அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவமனைகளுக்கான 517-ஆம் பிரிவையும், சூரிய மின் அமைப்புகளுக்கான 690-ஐயும், மின் சேமிப்பு அமைப்புகளுக்கான 706-ஐயும் ஊன்றிப் படித்து, களத்தில் தவறைச் சுட்டிக்காட்டத் தெரிந்தவரை இழக்க எந்தத் துறையும் விரும்பாது. என் சம்பளம் கடைசியாக உயர்ந்தது, ஒரு மருத்துவமனை விரிவாக்கத்தை ஆய்வு செய்ய வேறு ஆள் இல்லாதபோதுதான்.

செம்புக்கம்பி எழுதியது:

அளவைமானி கேட்டதற்காகச் சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு முந்நூற்றுப் பத்து மணி நேரம் ஓவர்டைம் செய்திருக்கிறேன். பாதி ஆண்டு கூட்டாட்சிக் கட்டடம் ஒன்றில் இருந்தேன். அவ்விரண்டையும் கழித்தால், நகராட்சி தரும் தொகை என் அடிப்படைக் கூலியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. இந்த முழங்காலோடு இன்னொரு முந்நூறு மணி நேரம் என்னால் முடியாது.

தனிவழி நண்பரின் எச்சரிக்கையையும் விட்டுவிடவில்லை. ஆய்வுத் துறைக்கு அனுமதிக் கட்டணம் மட்டும்தான் வருமானமா, ஒரு நாளைக்கு எத்தனை ஆய்வுகள் ஒதுக்குகிறார்கள் என்ற இரண்டையும் நேர்காணலில் நேரடியாகவே கேட்கப் போகிறேன்.

தனிவழி எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால், அந்த நகராட்சியின் கடந்த மூன்று ஆண்டு வரவுசெலவு அறிக்கையைக் கேளுங்கள். அது பொது ஆவணம், மறுக்க முடியாது.