அறுபதுக்கு மேல் எடை குறைக்க சோற்றை விட்டுத்தான் ஆகணுமா?

நெல்லை_அம்மா:
வயது 63, உயரம் 154 செ.மீ., எடை 76 கிலோ. முட்டி வலிக்குப் போன இடத்தில் டாக்டர் முதலில் நாலைந்து கிலோ குறையுங்கள் என்றுவிட்டார். சுகருக்குப் பல வருடமாக கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் போடுகிறேன். என் தங்கை சொன்னாள் என்று காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி, ராத்திரி வெறும் பப்பாளி என்று ஆரம்பித்தேன். எடை இறங்குகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது, விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு சோறும் குழம்பும் இல்லாமல் ஆகாது, இரண்டு சமையல் செய்யவும் எனக்குத் தெம்பில்லை. வயதானால் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள், அப்படியா?

பழைய_நர்ஸ்:
அக்கா, எடை கிடக்கட்டும், முதலில் அந்த வியர்வையைப் பாருங்கள். கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி பப்பாளியோடு படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. அடுத்த முறை அப்படி வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும். சாப்பாட்டைக் குறைத்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? மாத்திரை அளவை மாற்ற வேண்டி வரலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிபி மாத்திரையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், எடை இறங்கும்போது பிபியும் இறங்கி எழுந்து நின்றால் தலை சுற்றும்.

கணக்கு_சார்:
தொடை நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், புரதம். இந்த வயதில் பட்டினி போட்டு இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது லேசு இல்லை. வயதானவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம், அதற்குக் கொஞ்சம் மேலேயும் புரதம் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் எழுதிய கஞ்சி, சப்பாத்தி, பப்பாளி எல்லாவற்றையும் கூட்டினால் 15 கிராம் தேறுவதே கஷ்டம். முட்டை ஒன்றில் 6 கிராம், சாளை மீன் சதை 100 கிராமில் 20 வரை, வெந்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 12 கிராம் கிடைக்கும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடுதலாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்ற வேண்டாம்.

ராகியில் கால்சியம் நிறைய, அது நிஜம். ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரையை சோறு மாதிரியே ஏற்றிவிடும், இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

சுந்தரி_தூத்துக்குடி:
எனக்கு 68. சோற்றை நான் விடவில்லை, விடவும் சொல்ல மாட்டேன். ஒரே சமையல்தான், தட்டில் போடும் அளவுதான் வேறு: அவருக்கு மூன்று கரண்டி சோறு என்றால் எனக்கு ஒன்று, மீதி இடத்தில் அவியலோ கீரைக்கூட்டோ, பருப்பு கெட்டியாக. உண்மையில் எடை ஏறுவது நாலு மணிக் காபியில், கூடவே தொட்டுக்கொள்ளும் மிக்சர், முறுக்கில். நாலு காபிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் போட்டால் நாளைக்கு 35, 40 கிராம் சர்க்கரை வெறும் காபியிலேயே போய்விடும் (நீங்கள் சுகர்காரர், ஏற்கெனவே விட்டிருப்பீர்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்). அப்புறம் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, தாளிக்கிறபோது கை எவ்வளவு ஊற்றுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று தனிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள், நடுவில் தீர்ந்தால் தெரிந்துவிடும்.

நெல்லை_அம்மா:
நர்ஸ் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு விடியற்காலை பார்த்தேன், 61. பயந்துவிட்டேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு 98-க்கு வந்தது. இன்று சாயங்காலம் டாக்டரைப் பார்க்கிறேன். இன்னொன்று, எனக்குப் பல் செட், கொண்டைக்கடலை மெல்ல முடியாது. வீட்டில் மீன், முட்டை கிடையாது.

பழைய_நர்ஸ்:
நல்லவேளை பார்த்தீர்கள். அந்த 61-ஐயும் மணியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அவரைப் பார்க்கும் வரை ராத்திரி வெறும் பழத்தோடு படுக்காதீர்கள், இரண்டு இட்லியும் கெட்டி சாம்பாருமாவது உள்ளே போகட்டும். போடவேண்டிய சாயங்கால மாத்திரை ஏதும் இருந்தால் போடும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுந்தரி_தூத்துக்குடி:
பல் செட்டுக்கு பாசிப்பயறுதான் சரி. தோலோடு முளைகட்டி அரைத்த தோசை மெத்தென்று இருக்கும், பனீரை உதிர்த்து அதன்மேல் போடலாம். வீட்டில் உறை ஊற்றிய தயிரைத் துணியில் வடிகட்டினால் கெட்டியாகும், அதில் வெள்ளரிக்காய் துருவிப் போட்டு நானே ராத்திரி சாப்பிடுகிறேன்.

கணக்கு_சார்:
சுகர் சரியான பிறகு நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பழகுங்கள், டிவி பார்க்கிறபோதே செய்யலாம். முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுவரோரம் நாற்காலியைப் போடணும், வழுக்குகிற டைல்ஸ் வேண்டாம்.