கமலா ஹரிஸா, டொனால்ட் ட்ரம்பா: வெற்றி வாய்ப்பை எதைக் கொண்டு கணிப்பது?

கேள்வி: கிளிநொச்சி ஆசிரியை (24 ஒக்டோபர் 2024)

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் ஜனாதிபதித் தேர்தல் கடந்த மாதம்தான் முடிந்தது, பாராளுமன்றத் தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருக்கின்றன. அதனால் வாக்கு, சதவீதம், விருப்பு வாக்கு என்பவற்றைப் பற்றி மாணவர்கள் முன்னெப்போதையும்விட ஆர்வமாகப் பேசுகிறார்கள். அந்த ஆர்வம் இப்போது நவம்பர் 5ஆம் திகதி நடைபெறவுள்ள அமெரிக்கத் தேர்தலின் பக்கமும் திரும்பியிருக்கிறது.

செப்டெம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றார்கள். எவரும் பாதியைத் தாண்டாததால் இலங்கையில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. இது பிள்ளைகளுக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் 2016இல் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும் தோற்றார் என்று சொன்னவுடன் வகுப்பே குழம்பிவிடுகிறது. அப்படியானால் இம்முறை யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதை எந்த அளவுகோலால் அளப்பது?

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். கமலா ஹரிஸின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையைச் சேர்ந்தவர் என்பதால் அவர் வென்றால் எங்களுக்கு ஏதாவது விடிவு கிடைக்கும் என்று பெற்றோர் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் புண்படுத்தாமலும், அதே வேளை பிள்ளைகளுக்குப் பிழையானதைச் சொல்லிக்கொடுக்காமலும் இதை எப்படி விளக்கலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற அதிபர், வவுனியா

வணக்கம் ரீச்சர். முதலாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், மற்றதை வேறு யாராவது தொடுவார்கள்.

ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தவரை எங்கள் நாடு முழுவதும் ஒரே தொகுதி. செட்டிகுளத்தில் விழும் வாக்கும் கம்பஹாவில் விழும் வாக்கும் ஒரே கணக்கில் சேருகின்றன. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற்றார் என்பது வரைபடத்துக்கு நிறம் தீட்ட உதவுமே தவிர, அதற்கென்று தனியான பலன் எதுவும் இல்லை. அமெரிக்காவிலோ அந்த நிறந்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை ஆசனங்களோ, அவற்றுடன் செனற் சபையின் இரண்டையும் கூட்டி ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் அத்தனை தேர்வாளர் வாக்குகள் உண்டு. தலைநகர் வொஷிங்டனுக்குரிய மூன்றையும் சேர்த்தால் மொத்தம் 538, வெல்வதற்கு 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா என்னும் இரண்டு மாநிலங்களைத் தவிர ஏனையவற்றில் ஒரு வாக்கால் முந்தியவரும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளையும் எடுத்துக்கொள்வார்.

2016இல் நடந்ததும் இதுவே. கலிபோர்னியா என்ற ஒரு மாநிலத்தில் மட்டும் கிளின்டன் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் முந்தினார், ஆனால் அங்கே ஒரு வாக்கால் வென்றிருந்தாலும் கிடைத்திருக்கும் பலன் அதேதான். மறுபுறம் ட்ரம்ப் மிச்சிகனில் 10,704, விஸ்கொன்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 என்ற வித்தியாசங்களில் வென்றார். மூன்றையும் கூட்டினால் 78 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு வல்லரசின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானித்தவை அந்த வாக்குகளே. பைடன் 2020இல் நாடு முழுவதிலும் 70 இலட்சம் வாக்குகளால் முந்தியபோதும், ஜோர்ஜியாவில் அவரது வித்தியாசம் 11,779, அரிசோனாவில் 10,457 மட்டுந்தான். ஆகவே நாடளாவிய கருத்துக்கணிப்பில் ஹரிஸ் ஒன்றிரண்டு சதவீதத்தால் முன்னிற்கிறார் என்ற செய்தியைப் பிள்ளைகள் வாசிக்கும்போது, அது வெற்றிக்கான அறிகுறி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இம்முறை ஏழு மாநிலங்களைத் தவிர மற்றவை ஏறத்தாழத் தீர்ந்த கணக்கு. பென்சில்வேனியா (19), வட கரோலினா (16), ஜோர்ஜியா (16), மிச்சிகன் (15), அரிசோனா (11), விஸ்கொன்சின் (10), நெவாடா (6) ஆகிய அந்த ஏழையும் ஒதுக்கிவைத்தால், ஹரிஸின் பக்கம் 226, ட்ரம்பின் பக்கம் 219 என்று நிற்கும். ஹரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின் மூன்றையும் வென்றால் மிகச் சரியாக 270. ட்ரம்ப் பென்சில்வேனியா, ஜோர்ஜியா, வட கரோலினா மூன்றையும் வென்றால் அவருக்கும் மிகச் சரியாக 270. ஹரிஸின் 226இல் ஒன்று நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரப் பகுதியிலிருந்து வரவேண்டியது என்பதையும் கவனியுங்கள். இரண்டு பாதைகளிலும் பென்சில்வேனியா இருக்கிறது, அதனால்தான் இருவரும் அந்த மாநிலத்திலேயே பழியாய்க் கிடக்கிறார்கள்.

வேட்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹரிஸைப் போலப் பதவியிலிருக்கும் துணை ஜனாதிபதி ஒருவர் நேரடியாக ஜனாதிபதியாகத் தெரிவாவது அங்கே அரிது. மூத்த ஜோர்ஜ் புஷ் 1988இல் வென்றார், அவருக்கு முன் அப்படி வென்றவரைத் தேட 1836ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். 1960இல் நிக்ஸன், 1968இல் ஹம்ப்ரி, 2000இல் அல் கோர் மூவருமே மயிரிழையில் தோற்றார்கள். ஆளும் ஜனாதிபதியின் மீதான அதிருப்தி துணையின் தோளிலும் ஏறிவிடுகிறது. பைடன் ஜூலை 21ஆம் திகதிதான் போட்டியிலிருந்து விலகினார் என்பதால், தன்னை வேறுபடுத்திக் காட்டுவதற்கு ஹரிஸுக்கு நூறு நாட்களுக்குச் சற்று மேல்தான் கிடைத்தன. இன்னொரு புறம், ட்ரம்ப் 78 வயதானவர், மே மாதம் நியூயோர்க் நீதிமன்றத்தில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டவர். தோற்ற ஜனாதிபதி ஒருவர் மீண்டும் வென்று திரும்பியதும் 1892இல் குரோவர் கிளீவ்லண்ட் ஒருவருக்கு மட்டுமே வாய்த்தது. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது ட்ரம்புக்குச் சற்றே கூடுதல் வாய்ப்பிருப்பதாக நான் நினைக்கிறேன். விலைவாசி ஏறிய காலத்தில் ஆட்சியிலிருந்தவர்களை மக்கள் எளிதில் மன்னிப்பதில்லை. அதை 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதில் 2: ஆடைத் தொழிற்சாலைப் பணியாளர், புதுக்குடியிருப்பு

வணக்கம் ரீச்சர், அதிபர் ஐயாவுக்கும் வணக்கம். நீங்கள் கேட்ட இரண்டாவது விடயத்தை என்னுடைய வேலைத்தளத்திலிருந்து பார்த்து எழுதுகிறேன்.

நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தைத்து முடிந்த உடுப்பை மேசையில் விரித்து, தையல் விலகியிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்து மடிக்கும்போது அதில் கொளுவியிருக்கும் சிறிய அட்டையில் விலை டொலரில் அச்சிடப்பட்டிருக்கும். இலங்கையின் ஆடைகளை அதிகமாக வாங்கும் நாடு அமெரிக்கா. ட்ரம்ப், தான் வென்றால் எல்லா நாடுகளின் பொருட்களுக்கும் 10 முதல் 20 சதவீதம் வரையும், சீனப் பொருட்களுக்கு 60 சதவீதமும் இறக்குமதித் தீர்வை விதிக்கப்போவதாகக் கூட்டங்களில் சொல்லிவருகிறார். அப்படி நடந்தால் அந்த அட்டையிலுள்ள விலை ஏறும், வாங்குகிறவர்கள் குறைவார்கள், எங்களுக்கு வரும் ஓடர்களும் குறையலாம். சீனாவுக்குக் கூடுதல் தீர்வை என்பதால் அங்குள்ள ஓடர்களில் ஒரு பகுதி எங்கள் பக்கம் திரும்பும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவை நம்பிக் குடும்பம் நடத்தும் பிள்ளைகள் நிறைந்த ஒரு தையல் வரிசையில் நின்று பார்க்கும்போது, முதலில் கண்ணுக்குத் தெரிவது இழப்புத்தான். வன்னிக்கும் அந்தத் தேர்தலுக்கும் உள்ள மிக நெருக்கமான தொடர்பு இதுதான் என்பது என் எண்ணம்.

இனி விடிவு பற்றிய பேச்சு. 2009 மே 13ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகையில் பேசியபோது, எறிகணை வீச்சை நிறுத்தும்படி இலங்கை அரசாங்கத்தையும், ஆயுதங்களைக் கீழே வைக்கும்படி புலிகளையும் கேட்டுக்கொண்டார். அந்த நாட்களில் நாங்கள் முள்ளிவாய்க்காலில் இருந்தோம். அவருடைய சொல் எங்கள் பதுங்குகுழி வரை வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு 2012இல் ஜெனீவாவில் இலங்கை தொடர்பான தீர்மானத்தைக் கொண்டுவந்தது ஒபாமாவின் அரசாங்கம். 2018இல் மனித உரிமைகள் பேரவையிலிருந்தே அமெரிக்காவை வெளியேற்றியவர் ட்ரம்ப். ஆனால் 2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்காவில் நுழையத் தடை விதித்ததும் அதே ட்ரம்பின் அரசாங்கம்தான். முகமாலையில் கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கான அமெரிக்க நிதி, எந்தக் கட்சி ஆண்டாலும் தொடர்ந்து வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், வேட்பாளரின் தாய் எந்த ஊர் என்பதைக்கொண்டு எதையும் கணிக்க முடியாது. ஹரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோவிலில் ஹரிஸுக்காகப் பூசை செய்வது அந்த ஊர் மக்களின் பெருமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அந்தப் பெருமையை நம்பிக் காத்திருக்கக்கூடாது.

ஐயா சொன்ன மிச்சிகனைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அங்கே டியர்போர்ன் நகரில் அரபு வழி வந்த மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். காஸாவில் நடப்பதற்கு எதிர்ப்பாக, பெப்ரவரியில் நடந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தலில் அம்மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பைடனுக்கு வாக்களிக்காமல் எவரையும் சாராத வாக்கைப் பதிவுசெய்தார்கள். 10,704 வாக்குகளால் ஒரு முறை கைமாறிய மாநிலம் அது. உறவுகள் குண்டுவீச்சில் சாகும்போது ஆளும் கட்சிக்கு எப்படி வாக்களிப்பது என்று அந்த மக்கள் கேட்பது எனக்கு முழுமையாக விளங்குகிறது. ஹரிஸின் வாய்ப்பைப் பற்றி நான் மிகவும் கவலைப்படும் இடம் மிச்சிகன்.

பதில் 3: கணித ஆசிரியர், மன்னார்

வணக்கம். கருத்துக்கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் பேசவேண்டும். ஏழு மாநிலங்களிலும் இன்று காட்டப்படும் வேறுபாடு ஓரிரு சதவீதந்தான். கணிப்பில் இயல்பாகவே ஏற்படும் பிழை அதைவிடப் பெரியது. 2016இல் பல மாநிலக் கணிப்புகள் பட்டப்படிப்பு இல்லாத வாக்காளர்களை உரிய விகிதத்தில் சேர்க்கவில்லை. அது திருத்தப்பட்ட பின்னரும் 2020இல் நாடளாவிய கணிப்புகள் பைடனுக்கு எட்டுச் சதவீத முன்னிலை காட்டின, கிடைத்தது நாலரைச் சதவீதம். இரண்டு தடவையும் ட்ரம்பின் ஆதரவே குறைத்து மதிப்பிடப்பட்டது. இம்முறை கணிப்பு நிறுவனங்கள், 2020இல் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டு அதற்கேற்பவும் நிறை கொடுக்கின்றன. இதனால் பிழை குறையலாம், எதிர்ப்பக்கம் திரும்பவும் கூடும்.

அதிபர் ஐயாவின் கணக்கோடு நான் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஏழு மாநிலங்களையும் ஏழு தனித்தனி நாணயச் சுழற்சிகளாக எடுத்துக்கொண்டால், 270, 270 என்று முடிவு இழுபறியாகத்தான் வரும் என்று தோன்றும். உண்மையில் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. கனகராயன் ஆற்றுப் படுகையில் நல்ல மழை பெய்தால் ஒரு குளம் மட்டும் நிரம்பி மற்றவை வற்றிக் கிடப்பதில்லை. அதுபோலவே பென்சில்வேனியாவில் ஒருவரை உயர்த்தும் காரணம் விஸ்கொன்சினிலும் அவரை உயர்த்தும். ஆகவே கணிப்புகள் சமநிலை காட்டினாலும், ஒருவரே ஏழில் ஆறையோ ஏழையுமோ அள்ளிக்கொண்டு போவதற்கு நல்ல சாத்தியம் இருக்கிறது. யார் என்பதை என்னால் சொல்ல முடியாது, ஐயாவைப் போல ஒரு பக்கம் சாயவும் எனக்கு ஆதாரம் போதவில்லை. கருக்கலைப்பு உரிமையை 2022இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதிலிருந்து பெண்கள் திரண்டு வாக்களித்து வருவதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

கிளிநொச்சி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சி எழுதியதை நாளை வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன், என் மாணவிகள் சிலரின் அக்காமாரும் அதே வேலைக்குத்தான் போகிறார்கள். ஐயா, முடிவு வரும் நாளில் பிள்ளைகள் எதை, எத்தனை மணிக்குப் பார்க்கவேண்டும் என்றும் சொல்வீர்களா?

பதில் 4: ஓய்வுபெற்ற அதிபர், வவுனியா

மன்னார்த் தம்பியின் திருத்தம் நியாயமானது, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் நேரப்படி நவம்பர் 6 புதன்கிழமை காலை 5.30க்கு ஜோர்ஜியாவிலும், 6 மணிக்கு வட கரோலினாவிலும், 6.30க்குப் பென்சில்வேனியாவிலும் வாக்களிப்பு முடியும். முதல் இரண்டிலும் எண்ணிக்கை விரைவாக நடக்கும். அங்கே ஹரிஸ் தெளிவாக முந்தினால் ட்ரம்பின் சுருக்கமான பாதை அடைபட்டது என்று பொருள். ட்ரம்ப் முந்தினால் எல்லாரும் பென்சில்வேனியாவைப் பார்க்கவேண்டியதுதான். அந்த மாநிலத்தில் ஈரி, நோர்தாம்டன் என்னும் இரண்டு மாவட்டங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். இரண்டும் 2012இல் ஒபாமாவுக்கும், 2016இல் ட்ரம்புக்கும், 2020இல் பைடனுக்கும் வாக்களித்தவை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. பென்சில்வேனியாவிலும் விஸ்கொன்சினிலும் தபால் வாக்குகளின் உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்பு திறக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே காலையில் முந்துபவர் மாலையில் பின்தங்கலாம். 2020இல் செவ்வாய்க்கிழமை நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் வெற்றியாளர் யாரென்று ஊடகங்கள் அறிவித்தன. புதன் முதலாம் பாடவேளைக்குள் விடை தெரிந்துவிடும் என்று மட்டும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.