ராஸ்பெரி பையில் யூஎஸ்பி சாமான்கள் படுத்தும் பாடு: கொழும்பு அனுபவங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பில் போடுவது ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றில். பார்கோட் ஸ்கேனர், பில் பிரிண்டர், கீபோர்ட், கணக்கைப் பிரதியெடுக்க ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க், நான்கும் அதன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளில் கொழுவியிருக்கும். பின்னேரம் கடையில் சனம் நெருக்கியடிக்கும் நேரம் பார்த்து ஸ்கேனர் செத்துப்போகும். கழற்றித் திரும்பக் கொழுவினால் உயிர் வரும். "தம்பி, ஸ்கேனர் பழுது. புதுசு வாங்கவேணும், எது நல்லது எண்டு சொல்லும்" என்று போன் எடுத்தார்.

வாங்குவதற்கு முதல் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று போனேன். அதே ஸ்கேனர் என் மடிக்கணினியில் ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது. பிறகு பையில் கேர்னல் (இயங்குதளத்தின் உட்பகுதி) செய்திகள் வரும் திரையை, டீமெசேஜ் என்று சொல்வோமே, அதைத் திறந்துவைத்துவிட்டு அவரை வழமைபோல வியாபாரம் பார்க்கச் சொன்னேன். சவர்க்காரம், பருப்பு, தேயிலை என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் ஆகிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வரியும் இல்லை. மணி ஆறு அடித்ததும் ஹார்ட் டிஸ்க் மெல்ல உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கியது. அடுத்த கணம் ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்’ என்று ஒரு வரி. அதன் கீழே ஸ்கேனர் துண்டிக்கப்பட்டதாக இன்னொன்று. அதற்கும் கீழே ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71’.

பிரதியெடுப்பு மணிக்கொருமுறை தானாக ஓடும்படி வைத்திருந்தார். பகலிலும் ஸ்கேனர் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் யார் கவனிப்பது?

பை 4இன் நான்கு போர்ட்டுகளும் சேர்ந்தே வெளியே கொடுக்கக்கூடியது 1.2 ஆம்பியர். சின்ன ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியரை இழுத்துவிடும். போதாக்குறைக்கு, பைக்குக் கரண்ட் வந்தது ஒரு போன் சார்ஜரிலிருந்து. முன்பக்கம் பெரிதாக 18 வாட் என்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 9 வோல்ட் 2 ஆம்பியர், 5 வோல்ட் 2 ஆம்பியர். பை 9 வோல்ட்டைக் கேட்காது, அதற்கு 5 வோல்ட்தான். ஆகவே கிடைப்பது 10 வாட். பை 4க்கு வேண்டியது 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்.

வயரும் சேர்ந்து கெடுத்தது. மெல்லிய, நீளமான வயர். போகும் கம்பி வரும் கம்பி இரண்டும் சேர்ந்து வெறும் 0.2 ஓம் என்று வைத்தாலும், 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பைக்குப் போய்ச்சேருவது 4.6. அது 4.63க்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை தரும்.

5.1 வோல்ட் 3 ஆம்பியர் என்று பைக்கென்றே செய்த அடப்டர் ஒன்று வாங்கினோம். ஹார்ட் டிஸ்க்கைத் தனி அடப்டர் உள்ள ஹப் ஒன்றுக்கு, அதாவது ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டிக்கு, மாற்றினோம். ஸ்கேனர் பழையதுதான், இன்றைக்கும் அதில்தான் பில் போடுகிறார்.

எந்த யூஎஸ்பி சாமானையும் பழி சொல்ல முதல் தயவுசெய்து ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்’ என்ற கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். வெறும் பூச்சியம் வந்தால் கரண்டில் குறை இல்லை. 50000 என்று வந்தால் பை தொடங்கியதற்குப் பிறகு எப்போதோ வோல்ட் விழுந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமே விழுந்துகொண்டிருக்கிறது. நல்ல சாமானைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. இன்றைய விலைவாசியில் அது சின்னக் காசா?

வெள்ளவத்தையிலிருந்து:

அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பூச்சியம் வந்தும் பிரச்சினை தீராத கதை என்னுடையது. அக்கா வீட்டில் ரியூஷன் வகுப்பு நடத்துகிறா; பாட வீடியோக்களைச் சேர்த்துவைக்கப் பை 4இல் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்டுக்கொடுத்தேன். நல்ல அடப்டர், கட்டை வயர். சின்னக் கோப்புகள் ஓடும். பெரிய வீடியோ ஒன்றைப் பிரதிசெய்தால் பாதியில் உறைந்துபோகும், டீமெசேஜ் நிறைய ‘யூஏஎஸ்’ என்று தொடங்கும் பிழைகள்.

எஸ்எஸ்டியை யூஎஸ்பியாக மாற்றும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்தான் காரணம். யூஏஎஸ் என்பது யூஎஸ்பி டிஸ்க்கோடு தரவு பரிமாறும் வேகமான முறை. சில சிப்புகள் அதைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, வேலை கூடும்போது கைவிட்டுவிடும். கொழுவியிருக்கும் யூஎஸ்பி சாமான்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையில் வரும் விற்பனையாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறித்துக்கொண்டு, பை தொடங்கும்போது வாசிக்கும் சிஎம்டிலைன் கோப்பில் ‘யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=’ என்பதற்குப் பின்னால் அந்த இரண்டு எண்களையும் நடுவில் முக்காற்புள்ளி வைத்து எழுதி, இன்னொரு முக்காற்புள்ளி வைத்துக் கடைசியில் ‘யு’ சேர்த்தால் போதும். பழைய முறைக்குப் போய்விடும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் உறையாது. ஒன்றை மறக்கவேண்டாம்: அந்தக் கோப்பில் எல்லாம் ஒரே வரியில் இருக்கவேண்டும். புதுவரி தட்டினால் பை தொடங்காமலே போகலாம்.

இன்னொன்று, எங்களைப்போல மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு. யன்னலைத் திறந்துவைத்தால் கடற்காற்று எல்லாவற்றிலும் உப்பை அப்பிவிடுகிறது. ஒரு பழைய கீபோர்டின் பிளக்கை டோர்ச் அடித்துப் பார்த்தேன், நாலு தகட்டில் ஒன்றில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு. ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுக் கொழுவினதும் சரியாக வேலை செய்தது.

தெஹிவளையிலிருந்து:

எனக்கு வந்தது வேறு வியாதி. வீட்டு லைட்டுகளை இயக்கப் பையில் ஒரு சிக்பீ ஸ்டிக், பல்புகளோடு வயர் இல்லாமல் பேசும் சின்ன யூஎஸ்பி சாமான். ஹோலில் இருக்கும் பல்பு கேட்கும், குசினியில் இருப்பது கேட்காது. பக்கத்து நீலப் போர்ட்டில், அதாவது யூஎஸ்பி 3இல், எஸ்எஸ்டி இருந்தது, அதைக் கழற்றியதும் குசினி பல்பும் கேட்டது! யூஎஸ்பி 3 சாமான்கள் ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012இலேயே அறிக்கை போட்டிருக்கிறது. சிக்பீ, புளூடூத், வயர் இல்லாத மவுஸ் எல்லாம் புழங்குவது அதே இடத்தில்தான். ஸ்டிக்கை ஒரு மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரில் கறுப்புப் போர்ட்டுக்கு (யூஎஸ்பி 2) மாற்றித் தள்ளிவைத்தேன். இப்போது இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன.

அண்ணை, ஹப் என்றீர்களே, எந்த ஹப்பும் சரிவருமா? நான் பை 5 வாங்கும் யோசனையில் இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

இல்லைத் தம்பி, பார்த்து வாங்கும். சில மலிந்த ஹப்புகள் கரண்டைத் திருப்பிப் பைக்குள்ளேயே தள்ளும். பையின் அடப்டரைக் கழற்றிவிட்டு, ஹப்பை மட்டும் விட்டுப் பாரும். பையின் லைட் இன்னும் எரிந்தால் அந்த ஹப் வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வாங்கப் போனால் பையையும் கொண்டுபோய், கடையிலேயே கொழுவிப் பார்த்து வாங்கும்.

பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடப்டர் எடும். 3 ஆம்பியர் அடப்டரில் அது ஓடும், ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தமாக 600 மில்லிஆம்பியர்தான் விடும். 5 ஆம்பியர் அடப்டர் என்றால் 1.6 ஆம்பியர் கிடைக்கும், உம்முடைய எஸ்எஸ்டிக்கும் சிக்பீ ஸ்டிக்குக்கும் அது தாராளம்.