மே தினத்தில் கரப்பந்தாட்டம்: சங்கத்துக்கும் பந்துக்கும் என்ன உறவு?

மஸ்கெலியாப் பிள்ளை:
எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் மே தினத்துக்குக் கரப்பந்தாட்டப் போட்டி வைக்க நினைக்கிறோம். ஆறு அணிகள், கோயிலுக்குப் பக்கத்துக் களம். வலையின் நடுவில் இருந்த கிழிசலையும் நைலோன் கயிற்றால் தைத்துவிட்டேன். ஆனால் தோட்டத்துச் சங்கத் தலைவர், "சம்பளம் பேசுகிற நாளில் பந்து எதற்கு?" என்று முடித்துவிட்டார். அப்பாவும் அவர் பக்கம். தொழிலாளர் இயக்கம் எங்காவது விளையாட்டைத் தன் வேலையாகவே எடுத்துச் செய்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

ஹட்டன் வாசகன்:
தாராளமாகச் சொல்லுங்கள். ஜெர்மனியில் 1893இலேயே தொழிலாளருக்கென்று தனி உடற்பயிற்சிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். 1896இல் சைக்கிள் ஓட்டும் தொழிலாளர்களின் சங்கம் வந்தது, பெயரே "ஒற்றுமை". ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் அவர்கள் வேலைதான். 1925இல் பிராங்க்பேர்ட்டில் முதல் தொழிலாளர் ஒலிம்பியாட் நடந்தது. தேசியக் கொடிகளுக்குப் பதிலாகச் செங்கொடி, "இனி யுத்தம் வேண்டாம்" என்ற முழக்கம். 1931இல் வியன்னாவில் நடந்தபோது புதிதாகத் திறந்த மைதானத்தில்தான் 2008 ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியும் நடந்தது. இதைச் சொன்னால் தலைவரின் பேரன்மார் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்! 1936 ஜூலையில் பார்சிலோனாவில் ஹிட்லரின் பேர்லின் ஒலிம்பிக்குக்கு எதிராக மக்கள் ஒலிம்பியாட் நடக்க இருந்தது. தொடங்கும் நேரத்தில் உள்நாட்டுப் போர் வெடித்துவிட்டது. விளையாட வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கித் துப்பாக்கி எடுத்தார்கள்.

டிக்கோயாக்காரன்:
தலைவரை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் நிர்வாகமே பையன்களுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தது. நெஞ்சில் கம்பெனி பெயர். அடுத்த மாதம் கொழுந்தில் இரண்டு கிலோ கூட்டிப் பறிக்கச் சொன்னபோது அணித்தலைவன் வாயையே திறக்கவில்லை. பந்து யார் கையிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

பழைய வாத்தியார்:
மகள், டிக்கோயாத் தம்பி சொன்ன மாதிரிப் பந்து அடுத்தவன் கைக்குப் போகக் கூடாதென்றுதானே ஜெர்மன்காரன் தனிச் சங்கமே வைத்தான்! தலைவரிடம் அதையும் சொல்.

நான் வேறொன்று சொல்கிறேன். 1932 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் சில நூறு இளம் தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். ஏற்பாடு செய்தவர்கள் தொழிலாளர் விளையாட்டுச் சங்கத்தினர். மலை முழுவதும் முதலாளிமார் பறவை சுடுவதற்காக அடைத்து வைத்த நிலம். அன்று காவல்காரரோடு நடந்த கைகலப்பைக் கலவரம் என்று சொல்லி ஐந்து பேருக்குச் சிறை. நம் ஆட்கள் கொழுந்து பறிக்கத் தினமும் மலை ஏறுகிறார்கள், அதற்கு மட்டும் தடையே இல்லை, பார்த்தாயா?

அத்துமீறல் நமக்கும் பழைய சொல்தான். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாதென்றிருந்த காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் போனார். 1931இல் அவர் சங்கம் அமைத்த பிறகு, மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பிரசுரம் கொடுத்து என்ன பயன்? பாட்டு வீட்டுக்குப் போகும். 1940இல் அவருடைய பாடல்கள் அச்சிலும் வந்தன. அதே வருடம் ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சம்பளப் போராட்டமும் பாட்டும் ஒரே வருடத்தில் இருந்தன என்று உன் அப்பாவிடம் சொல்.

விளையாட்டு இங்கே ஏன் அப்படி வளரவில்லை? சமமான தரை எல்லாம் துரைமார் கிளப்புக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம். மிச்சம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களமும் கோயில் வாசலும்தான். நாங்கள் படித்த காலத்தில் பந்து ஒருமுறை வெளியே போனால் அரை மைல் கீழே தேயிலைக்குள் தேட வேண்டும். அதிலேயே இடைவேளை முடிந்துவிடும். ஆனால் தப்புப் பறை இருந்தது. காலையில் பிரட்டுக்குக் கூப்பிட்ட அதே தப்புதான் மாசியில் காமன் கூத்துக்கும் அடித்தது. போட்டியைத் தப்படித்துத் தொடங்குங்கள், மைக் செட் வாடகை மிச்சம்.

ஒரு கேள்வி. ஆறு அணி என்றாயே, வலையைத் தைத்த நீ எந்த அணி?

மஸ்கெலியாப் பிள்ளை:
ஐயா, ஆறும் பையன்கள் அணி. எனக்கு அது தோன்றவே இல்லை, வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்தது. முல்லோயாவைச் சொன்னதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோவிந்தனைப் பற்றித் தன் தாத்தா சொல்லியிருக்கிறாராம். போட்டிக்குச் சம்மதம், ஆனால் ஊர்வலம் முடிந்த பிறகுதான். ஜெர்சி யாரிடமும் கேட்பதில்லை என்றும் முடிவு. ஏழாவது அணிக்கு ஐந்து பெண்கள் சேர்ந்துவிட்டோம். இன்னும் ஒருவர் வேண்டும். மலையிலிருந்து வந்ததும் அம்மாவைக் கேட்கப் போகிறேன்.